பழைய மக்காச்சோள மிஷினில் மணி ஏன் உடைகிறது? செட்டிநாட்டுப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தை பிறந்து சிராவயல் மஞ்சுவிரட்டு முடிந்த கையோடு பட்டறைக்குப் போன் வர ஆரம்பித்துவிடும். "அண்ணே, மக்காச்சோளம் அடிக்கிறோம், பாதிக்குப் பாதி குருணையா வருது, வந்து ஒரு எட்டுப் பாத்துட்டுப் போங்க." காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர் சுற்றுவட்டாரத்தில் நெல்லும் கடலையும்தான் பெரிது. மக்காச்சோளம் கிணறோ போரோ இருக்கிற செம்மண் காட்டில் புரட்டாசிப் பட்டத்தில் போடுவது. கொஞ்ச ஏக்கருக்காகப் புது மிஷின் யாரும் வாங்குவதில்லை. வெளி மாவட்டத்தில் பல வருஷம் உழைத்துக் களைத்த மிஷினை செகண்ட்ஹேண்டில் பிடித்து வந்து டிராக்டரில் மாட்டி ஓட்டுகிறோம். அதனால் கேள்விகளும் வருஷா வருஷம் ஒன்றேதான். எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைத்துவிட்டால் எனக்கும் பேச்சு மிச்சம்.

சொற்களை முதலில் சொல்லிவிடுகிறேன். கருது என்றால் கதிர். மணி உதிர்ந்த பிறகு கையில் மிஞ்சும் கட்டை சக்கை. ட்ரம் என்பது பல்லோ பட்டையோ வைத்து உள்ளே சுற்றி அடிக்கும் உருளை. அதற்கு அடியில் வளைந்து நிற்கும் கம்பிச் சல்லடையைப் பட்டறையில் கான்கேவ் என்போம்.

மிஷின் பழசு. அதனால்தான் மணி உடைகிறதா?

வயசு மட்டும் மணியை உடைக்காது. உடைப்பவை மூன்று: ட்ரம்மின் வேகம், ட்ரம்முக்கும் கான்கேவுக்கும் உள்ள இடைவெளி, மணியின் ஈரம். பழைய மிஷினில் என்ன நடக்கிறது என்றால், பல் தேய்ந்து கருது சரியாக உதிராமல் போகிறது. உடனே ஓட்டுகிறவர் ஆக்சிலேட்டரை ஏற்றுகிறார். அப்படியும் சக்கையில் மணி ஒட்டிக்கொண்டு வந்தால் கான்கேவை இறுக்குகிறார். இப்போது உதிர்கிறது, கூடவே உடைகிறது. பழியை மட்டும் மிஷினின் வயசு வாங்கிக்கொள்கிறது.

நான் இறங்கிப் பார்த்ததில் பெரும்பாலானவை ஒரு புல்லி, ஒரு ஸ்பேனர், ஒரு நாள் வெயில், இவற்றில் ஏதோ ஒன்றோடு முடிந்துபோனவைதான்.

உடைவது மிஷினில்தான் என்று எப்படி உறுதி செய்வது?

இந்தக் கேள்வியை யாரும் முதலில் கேட்பதில்லை என்பதுதான் என் குறை. ஸ்பேனரை எடுப்பதற்கு முன் செய்ய வேண்டிய வேலை இது.

குவியலில் அங்கங்கே கைவிட்டுப் பத்துக் கருது எடுங்கள். மிஷினில் போடாமல் கையாலேயே உதிருங்கள். அதிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு நூறு மணி எண்ணி ஒரு தட்டில் வையுங்கள். இதுதான் உங்கள் அளவுகோல். இதிலேயே நாலைந்து மணி கீறியோ உடைந்தோ இருந்தால் அது மிஷின் கணக்கில் சேராது. காட்டிலேயே வந்த சேதம் அது.

அடுத்து, மிஷினை ஓட்டுவதற்கு முன் கான்கேவுக்கு அடியில், ஓடும் பாகம் எதிலும் படாத இடமாகப் பார்த்து, ஒரு தட்டு வையுங்கள். கொஞ்ச நேரம் ஓட்டி, முழுக்க நிறுத்திய பிறகு தட்டை எடுத்து அதில் ஒரு நூறு மணி. மணியைத் தள்ளிக்கொண்டு போகும் சுருள் தகடான ஸ்க்ரூவைத் தாண்டி வந்த இடத்தில் ஒரு நூறு. மணியை மேலே ஏற்றும் எலிவேட்டர் இருந்தால் அதன் வாயில் ஒரு நூறு. மூடையில் ஒரு நூறு. ஒவ்வொன்றிலும் உடைந்தது எத்தனை என்று எண்ணி, பேப்பரில் வரிசையாக எழுதுங்கள். கையால் உதிர்த்ததில் 2, ட்ரம்முக்குக் கீழே 3, மூடையில் 11 என்று வந்தால், ட்ரம்மைத் தொடவே வேண்டாம். குற்றவாளி நடுவில் எங்கோ இருக்கிறான்.

கண்ணுக்குத் தெரியாத கீறலும் உண்டு. மருந்துக் கடையில் காயத்துக்கு வாங்கும் அயோடின் மருந்தைத் தண்ணீரில் நன்றாகக் கலக்கி, நூறு மணியை இரண்டு நிமிஷம் ஊறவிட்டு அலசிப் பாருங்கள். தோல் கிழிந்து மாவு வெளியே தெரியும் இடமெல்லாம் கருநீலமாகிவிடும், ஏனென்றால் மாவுச்சத்தும் அயோடினும் சேர்ந்தால் அந்த நிறம்தான். முழுசு என்று நினைத்த மணியில் மயிரிழை மாதிரி நீலக்கோடு ஓடுவதைப் பார்த்தால் கொஞ்சம் திடுக்கென்றுதான் இருக்கும். சோதித்த மணியைக் கோழிக்குப் போடாமல் குப்பையில் கொட்டிவிடுங்கள்.

அயோடின் கூட வேண்டாம் என்று எனக்குக் காட்டியவர் பள்ளத்தூர்ப் பக்கத்து ஆச்சி ஒருவர். மூடைக்குள் முழங்கை வரை கையை விட்டு ஒரு பிடி அள்ளினார். இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து அப்பளம் தட்டுகிற மாதிரி நாலு தேய்ப்பு. மணியைக் கீழே விட்டுவிட்டுக் கையை விரித்துக் காட்டினார். ரேகையெல்லாம் வெள்ளையாக மாவு ஒட்டியிருந்தது. "மாவு எங்கிருந்து வருது தம்பி? மிசினுக்குள்ள திருகையா வச்சிருக்கீக?" என்றார். அன்றைக்கு அந்த மிஷினின் கான்கேவ் ஒரு பக்கம் ட்ரம்மை உரசாத குறையாக நின்றுகொண்டிருந்தது.

ஈரம் எவ்வளவு இருந்தால் அடிக்கலாம்?

டிராக்டரில் ஓடும் நம் ஊர் மிஷின்களுக்கு 15 முதல் 20 சதவீதம் வரை தோதானது. 25க்கு மேல் போனால் மணி மெத்தென்று இருக்கும். உடைவதை விட நசுங்குவதும், தோல் உரிவதும், மூக்குப் பக்கம் பிய்வதும் அதிகம். 12க்குக் கீழே காய்ந்துவிட்டால் கண்ணாடி மாதிரி தெறிக்கும். "நல்லா காஞ்சிருக்கே, அப்புறம் ஏன் உடையுது" என்று கேட்பவர்களுக்குப் பதில் அதுதான், அளவுக்கு மேல் காய்ந்துவிட்டது.

மணியின் அடி நுனியைச் சுரண்டினால் கறுப்பாக ஒரு படலம் தெரிய வேண்டும். அது வந்தால் மணி முற்றிவிட்டது என்று அர்த்தம். ஆனால் அந்த நேரத்தில் ஈரம் 30க்கு மேலேயே இருக்கும். முற்றியது வேறு, காய்ந்தது வேறு. கறுப்பு தெரிந்த அன்றே ஒடித்து மறுநாளே மிஷினில் போடுகிறவர்கள்தான் கூழாக்கிக்கொள்கிறார்கள்.

ஈரம் பார்க்கும் மீட்டர் இல்லையே?

வியாபாரிகள் வைத்திருப்பார்கள், ஒரு கை மணி கொண்டுபோனால் பார்த்துச் சொல்வார்கள். அதுவும் முடியாவிட்டால் உப்புதான். நன்றாகக் காய்ந்த கண்ணாடி பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மணி, அதோடு இரண்டு மூன்று கரண்டி உலர்ந்த தூள் உப்பு. மூடி ஒரு நிமிஷம் குலுக்கி, கால் மணி நேரம் சும்மா வையுங்கள். உப்பு பாட்டில் சுவரில் ஒட்டிக்கொண்டால் ஈரம் 15க்கு மேல். ஒட்டாமல் உதிர்ந்தால் அதற்குக் கீழே. துல்லியமான கணக்கு கிடைக்காது, இருந்தாலும் பல்லால் கடித்துச் சொல்லும் ஆட்களை விட இது மேல்.

காலையில் அடிப்பதா, மதியத்திலா?

தை, மாசியில் பனி இறங்கும். விடிகாலையில் மேல் தோலும் சக்கையும் நமுத்துப்போய் இருக்கும், தோல் உரியாமல் ட்ரம்மில் சுற்றும். பத்து மணிக்கு மேல் ஆரம்பியுங்கள். காலையில் செட் பண்ணியதை மதியம் ஒரு தடவை பார்த்துக்கொள்ளவும் வேண்டும், வெயில் ஏற ஏற மணி இறுகும்.

ட்ரம் வேகம் எவ்வளவு இருக்க வேண்டும்?

ஒரே எண்ணாகச் சொல்ல முடியாது, ட்ரம்மின் விட்டத்தைப் பொறுத்தது. நாம் பார்க்க வேண்டியது பல்லின் நுனி மணியை என்ன வேகத்தில் அடிக்கிறது என்பதை. நான் பார்த்த மிஷின் ஒன்றை வைத்தே சொல்கிறேன்.

செகண்ட்ஹேண்டில் வந்தது, ட்ரம் விட்டம் 50 சென்டிமீட்டர். டிராக்டரின் பிடிஓ ஷாஃப்ட், அதாவது என்ஜின் சுழற்சியை மிஷினுக்குக் கொடுக்கும் தண்டு, நிமிஷத்துக்கு 540 சுற்று. பிடிஓ பக்கம் 12 அங்குலப் புல்லி, ட்ரம் பக்கம் 8 அங்குலப் புல்லி. 540ஐ 12ஆல் பெருக்கி 8ஆல் வகுத்தால் 810 சுற்று. நுனி வேகம் விநாடிக்கு 21 மீட்டருக்குக் கொஞ்சம் மேல். மக்காச்சோளத்துக்கு இது ரொம்ப அதிகம். ட்ரம் ஷாஃப்டைத் துடைத்துப் பார்த்தால், இன்னும் அகலமான புல்லி உட்கார்ந்திருந்த பழைய தடம் தெரிந்தது. யாரோ ஒரு மகராசன் வேறு தானியம் அடிப்பதற்காகச் சின்னப் புல்லியை மாற்றியிருக்கிறார், திருப்பி மாற்றாமலே விற்றும்விட்டார். லேத்தில் கொடுத்து 10 அங்குலப் புல்லி கடைந்து மாட்டினோம். 648 சுற்று, நுனி வேகம் 17 மீட்டர். அன்று மாலையே குருணை குறைந்ததைக் கண்ணால் பார்த்தோம்.

810க்கும் 648க்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று தோன்றலாம். அடியின் பலம் வேகத்தின் வர்க்கமாக ஏறும். வேகம் கால் பங்கு கூடினால் அடி ஒன்றரை மடங்குக்கும் மேல் விழுகிறது. மணி உடைவதில் வேகத்துக்குத்தான் முதல் இடம், அதனால்தான் எங்கே போனாலும் முதலில் புல்லியைப் பார்க்கிறேன்.

நுனி வேகம் 13, 14 மீட்டரில் ஆரம்பித்து மேலே வாருங்கள். சக்கையில் மணி மிஞ்சுவது நிற்கிற இடம் ஒன்று வரும். அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். அதற்கு மேல் ஏற்றுவதெல்லாம் வீண்.

புல்லியை மாற்றுவானேன், ஆக்சிலேட்டரைக் குறைத்தால் போதாதா?

போதாது. ட்ரம், காற்றாடி, சல்லடை எல்லாம் ஒரே பிடிஓவில்தான் ஓடுகின்றன. ஆக்சிலேட்டரைக் குறைத்தால் காற்றாடியும் சோர்ந்துவிடும். தோலும் தூசியும் மணியோடு சேர்ந்து மூடைக்கு வரும், வியாபாரி அதற்கு வேறு கழிவு போடுவார். டிராக்டரை 540க்கு உரிய சுற்றில் ஓட்டிக்கொண்டு, ட்ரம் புல்லியை மட்டும் மாற்றுவதுதான் சரி.

இன்னொன்று, பெல்ட். தளர்ந்து மினுமினுப்பாகிப் போன பெல்ட் வழுக்கும். பாரம் ஏறும்போது ட்ரம் தணியும், இறங்கும்போது பாயும். குருணை ஒரு நேரம் அதிகமாகவும் ஒரு நேரம் குறைவாகவும் வந்தால் பெல்ட்டைத் தொட்டுப் பாருங்கள், நிறுத்தியபிறகு.

சுற்று எண்ணுவதற்கு என்ன செய்வது?

ஷாஃப்டில் மினுங்கும் ஸ்டிக்கர் ஒட்டி, தள்ளி நின்று விளக்கடித்து அளக்கும் டேக்கோமீட்டர் எலக்ட்ரிக்கல் கடையில் கிடைக்கும். ஊருக்கு ஒன்று போதும். இல்லாவிட்டால் புல்லியை அளந்து மேலே போட்ட கணக்கைப் போட்டுக்கொள்ளுங்கள்.

கான்கேவ் இடைவெளியை எப்படிச் சரிபார்ப்பது?

சக்கையைப் பாருங்கள். மிஷினின் வாயில் என்ன போட்டோம் என்பதை விட, வாலில் என்ன வருகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. சக்கை முழுசாகவோ, இரண்டு மூன்று துண்டாகவோ வந்தால் இடைவெளி சரி. நார் நாராகக் கிழிந்து, உமி மாதிரி பொடிந்து வந்தால் இறுக்கம் அதிகம். சக்கையையே அரைக்கிற இடத்தில் மணி மட்டும் எப்படித் தப்பும்? சக்கை முழுசாக வந்து, அடிப்பக்கத்து மணி ஒட்டிக்கொண்டே வந்தால் தளர்வு அதிகம், அல்லது வேகம் போதவில்லை.

கருது நுழையும் பக்கம் இடைவெளி கருதின் தடிமனை விடச் சற்றுக் குறைவாக இருக்க வேண்டும். வெளியேறும் பக்கம் அதைவிடக் குறுகலாம், ஆனால் சக்கை நசுங்காமல் போகணும். காட்டிலேயே அறுத்து அடித்துவிடும் கம்பைன், அதுவும் பட்டை வைத்த ட்ரம் என்றால் முன்பக்கம் 25 முதல் 30 மில்லிமீட்டர், பின்பக்கம் 15 முதல் 20 என்று ஆரம்பித்து, அங்கிருந்து பார்த்துப் பார்த்து மாற்றலாம். ரகத்துக்கு ரகம் கருதின் தடிமன் வேறு. போன வருஷம் வைத்த அளவு இந்த வருஷத்துக்கு ஒத்துவரும் என்று நம்ப வேண்டாம்.

பழைய மிஷினில் இன்னொரு வம்பு உண்டு. கான்கேவ் கோணியிருக்கும். இடது பக்கம் 30, வலது பக்கம் 18 என்று நிற்கும். வெளியிலிருந்து போல்ட்டை மட்டும் பார்த்தால் இரண்டும் ஒன்று போலத்தான் தெரியும். இதற்கு நாங்கள் செய்வது கண்மாய்க் களிமண் வைத்தியம். பிடிஓவைக் கழற்றி, டிராக்டர் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு, மூடியைத் திறந்து, கான்கேவில் இடது, நடு, வலது என்று மூன்று இடத்தில் எலுமிச்சம்பழம் அளவு களிமண் உருண்டையை அப்பி, ட்ரம்மைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றுவோம். பல் அழுத்திப் போன இடத்தில் மிச்சம் நிற்கும் களிமண்ணின் உயரம்தான் அங்கே இருக்கும் இடைவெளி. ஈர்க்குச்சியைக் குத்தி எடுத்து ஸ்கேலில் வைத்தால் அளவு கிடைத்துவிடும். மூன்று இடத்திலும் ஒன்று போல வரும்வரை போல்ட்டோடு மல்லுக்கட்ட வேண்டியதுதான். ட்ரம்மைத் தூக்கிப் பார்த்தால் ஆட்டம் தெரிகிறதா? அப்படியானால் முதலில் பேரிங். பேரிங் ஆடும் ட்ரம்முக்கு நீங்கள் என்ன இடைவெளி வைத்தாலும் ஓடும்போது அது நிற்காது.

வேகத்தையும் இடைவெளியையும் சேர்த்தே மாற்றிவிடலாமா?

வேண்டாம். ஒன்றை மாற்றுங்கள், ஓட்டுங்கள், நூறு மணி எண்ணுங்கள், அப்புறம் அடுத்தது. இரண்டையும் சேர்த்து மாற்றினால் எது வேலை செய்தது என்றே தெரியாது. முதல் வருஷம் நான் அப்படிச் செய்துதான் ஒரு டிரெய்லர் லோடைக் கெடுத்தேன். அந்தக் காட்டுக்காரர் இன்றைக்கும் டீக்கடையில் என்னைப் பார்த்தால் "என்னப்பா, குருணை வியாபாரம் எப்படி?" என்றுதான் ஆரம்பிப்பார்.

பல் தேய்ந்துவிட்டது, வெல்டிங் வைத்து ஏற்றினோம். அதன் பிறகுதான் அதிகம் உடைகிறது.

வெல்டிங் முடிந்த பல்லின் நுனியைக் கிரைண்டரில் உருட்டாமல் விட்டிருப்பீர்கள். வெல்டிங் மொட்டும் கூர்முனையும் மணியைச் சீவிவிடும். நுனியை மழுங்கலாக, வழவழவென்று தேயுங்கள். எல்லாப் பல்லும் ஒரே உயரமா என்றும் பாருங்கள். ஒரு பல் மட்டும் மூன்று மில்லிமீட்டர் நீண்டிருந்தாலும் அந்த இடத்தில் இடைவெளி அவ்வளவு குறைகிறது. ஒரு பக்கத்துப் பல்லையோ பட்டையையோ மாற்றினால் எதிர்ப்பக்கத்து ஜோடியையும் மாற்றுங்கள். இல்லையென்றால் எடை ஏறுமாறாகி ட்ரம் நடுங்கும், அந்த நடுக்கம் பேரிங்கைத் தின்னும்.

கருதை மெதுவாக, கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டால் மணி பிழைக்குமா?

நல்லெண்ணம்தான், பலன் நேர்மாறு. ட்ரம் நிறைந்து ஓடும்போது கருது கருதோடு உரசி உதிர்கிறது, மற்ற கருது மெத்தை மாதிரி அடியை வாங்கிக்கொள்கிறது. ஒற்றைக் கருதாகப் போட்டால் அது இரும்புக்கும் இரும்புக்கும் நடுவில் தனியாக மாட்டுகிறது. என்ஜின் திணறாத அளவுக்கு, விடாமல், ஒரே சீராகப் போடுங்கள். ஒவ்வொரு குவியலின் கடைசிக் கருதுகளில் குருணை கூடுவதைக் கவனித்திருப்பீர்கள், காரணம் இதுதான்.

ட்ரம்முக்குக் கீழே நன்றாக இருக்கிறது, மூடையில் உடைந்திருக்கிறது. நடுவில் என்ன?

பெரும்பாலும் ஸ்க்ரூ. மணியைத் தள்ளிக்கொண்டு போகும் அந்தச் சுருள் தகடு வருஷக்கணக்கில் தேய்ந்து ஓரம் கத்தியாகிவிடும். தகட்டுக்கும் குழாய்க்கும் உள்ள சந்தும் பெரிதாகிவிடும். மணி நுழையவே முடியாத சந்து என்றால் பிரச்சனை இல்லை, தாராளமாகப் புகுந்து போகிற சந்து என்றாலும் பரவாயில்லை. பாதி நுழைந்து மாட்டிக்கொள்கிற சந்துதான் எமன். ஓரத்தை மழுங்கத் தேயுங்கள், ரொம்பப் போயிருந்தால் தகட்டின் மேல் புதுப் பட்டை வைத்து அளவுக்குக் கொண்டுவாருங்கள். ஸ்க்ரூ நிறைந்து மெதுவாக ஓடினால் உடைப்பு குறைவு, காலியாக வேகமாக ஓடினால் அதிகம்.

எலிவேட்டர் இருந்தால் சங்கிலியின் தளர்வையும், அடியில் மணி தேங்கி அரைபடுகிறதா என்பதையும் பாருங்கள். ரப்பர் துடுப்பு தேய்ந்துபோன இடத்தில் இரும்புத் தகட்டை வைத்துவிட்டு "இனிமே தேயாது" என்று சொல்கிற ஆட்களும் உண்டு. தேயாதுதான், மணிதான் தேயும்.

உயரத்திலிருந்து வெறும் இரும்பு டிரெய்லரில் மணி விழுந்தாலும் கீறும். குழாய் வாயில் ஒரு சாக்கைக் கட்டித் தொங்கவிடுங்கள், சரிந்து இறங்கட்டும்.

வாடகைக் கம்பைன் வந்து அறுத்தது. கருதின் அடிப்பக்கத்தில் மணியே இல்லை.

அது ட்ரம்முக்குப் போகும் முன்னாலேயே நடந்தது. முன்னால் தட்டையை, அதாவது செடியின் தண்டை, இழுக்கும் உருளைகளுக்கு மேல் இரண்டு தகடுகள் இருக்கும். தட்டை நடுவில் கீழே போகணும், கருது மேலே நிற்கணும். தகடுகளுக்கு இடையே சந்து அதிகமானால் கருதின் அடி உருளையில் பட்டு மணி கொட்டிவிடும். தட்டையின் தடிமனுக்குத் தக்கபடி சந்தைக் குறைக்கச் சொல்லுங்கள். பின்பக்கம் முன்பக்கத்தை விட 3 மில்லிமீட்டர் போல அகலமாக இருக்கட்டும், தட்டை சிக்காது.

கம்பைனில் இன்னொன்று, சரியாக உதிராததை மறுபடி ட்ரம்முக்கு அனுப்பும் வழி. மேல் சல்லடையை ரொம்ப மூடி வைத்திருந்தால் நல்ல மணியும் அந்த வழியில் திரும்பிப் போய் இரண்டாவது தடவை அடி வாங்கும். அந்த வழியில் கருதுத் துண்டு வர வேண்டும். மணியே நிறைய வந்தால் சல்லடையைக் கொஞ்சம் திறக்க வேண்டும். நெல் அறுத்துவிட்டு நேராக மக்காச்சோளக் காட்டுக்கு வந்து இறங்கும் கம்பைனிடம் ட்ரம் வேகம், கான்கேவ், சல்லடை மூன்றையும் மாற்றியாச்சா என்று கேட்டுவிட்டே உள்ளே விடுங்கள். மணிக்கணக்கில் வாடகை ஓடுகிறதே என்று கூச்சப்பட வேண்டாம்.

மணி முழுசாகத்தான் இருக்கிறது, வெளிச்சத்தில் பிடித்தால் உள்ளே விரிசல் தெரிகிறது.

பெரும்பாலும் காயவைத்ததில் வந்தது. ஈர மணியைச் சூட்டில் வேகமாகக் காயவைத்து, சட்டென்று குளிரவிட்டால் உள்ளே விரிசல் விடும். அதற்குப் பிறகு கொஞ்சம் தட்டினாலே பிளக்கும்.

நம் பக்கம் தார் ரோட்டில் காயப்போடுகிறோம். மத்தியானத் தார் எப்படிச் சுடும் என்று செருப்பில்லாமல் நடந்தவர்களுக்குத் தெரியும். போதாக்குறைக்கு மேலே பஸ் ஏறும். அதையும் மிஷின் தலையில் கட்டுகிறோம். களத்தில் தார்ப்பாய் விரித்து, இரண்டு மூன்று அங்குலத்துக்கு மேல் போகாமல் பரப்பி, அடிக்கடி கிளறிவிடுங்கள். அந்தக் காலத்துச் செட்டிநாட்டு வீடுகளில் இரண்டாம் கட்டு முற்றமே களம் மாதிரிதான், வற்றலும் வடகமும் அங்கேதான் காயும். அப்படி முற்றம் வைத்திருக்கும் யாராவது தயவு பண்ணினால் விடாதீர்கள்.

படைப்புழு விழுந்த கருதைச் சேர்த்து அடிக்கலாமா?

2018இல் இந்தியாவுக்குள் வந்த அந்தப் புழு இங்கேயும் நிலைத்துவிட்டது. அது குடைந்த மணி லேசான அடியிலேயே பொடியும், பூஞ்சையும் அங்கேதான் முதலில் பிடிக்கும். ஒடிக்கும்போதே தனிக்குவியலாகப் போட்டு, கடைசியில் தனியாக அடியுங்கள்.

விதைக்கும் இதே மிஷின்தானா?

வீரிய ஒட்டு ரகமானால் அறுத்த மணியை விதைக்கு வைப்பதில் பிரயோஜனம் இல்லை. சாதா ரகத்தில் விதை எடுக்கிறீர்கள் என்றால் கையால் உதிருங்கள். மணியின் அடியில் இருக்கும் முளைக்கரு லேசாக அடிபட்டாலும் முளைப்பு போய்விடும், வெளியே ஒன்றும் தெரியாது. போபாலில் உள்ள மத்திய வேளாண் பொறியியல் நிறுவனம் வடிவமைத்த குழாய் மாதிரியான கை உரிப்பான் ஒன்று உண்டு. உள்ளே நாலு பல், கருதை நுழைத்துத் திருகினால் மணி கொட்டும். குன்றக்குடி வேளாண் அறிவியல் நிலையத்தில் விசாரித்தால் வழி சொல்வார்கள்.

குருணையால் அப்படி என்ன நஷ்டம்?

கணக்கைப் பாருங்கள். 20 குவிண்டாலில் 3 சதவீதம் குருணையாகிக் கழிந்தால் 60 கிலோ. 2025-26க்கு மத்திய அரசு அறிவித்த ஆதரவு விலை குவிண்டாலுக்கு 2,400 ரூபாய். அந்த விலையில் 1,440 ரூபாய் போச்சு. புதுப் பேரிங் செலவு அதில் வந்துவிடும்.

காசை விடப் பெரியது பூஞ்சை. தோல் முழுசாக இருக்கும் மணிக்குள் பூஞ்சை அவ்வளவு லேசில் புகாது. உடைந்த மணியில் கொஞ்சம் ஈரமும் இருந்துவிட்டால் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு உண்டாகும். நாமக்கல் கோழித் தீவனத்துக்குப் போகிற சரக்கு என்றால் அதைச் சோதிப்பார்கள், லோடு திரும்பி வந்தால் லாரி வாடகையும் நம் தலையில். ஈரம் 12 சதவீதத்துக்கு வராமல் மூடை கட்டி வைக்காதீர்கள்.

சலித்தெடுத்த குருணையை என்ன செய்வது?

வீட்டுக் கோழிக்கும் ஆட்டுக்கும் சீக்கிரமே கொடுத்துத் தீர்த்துவிடுங்கள். வாடை வந்தாலோ, பச்சையாக, கறுப்பாகப் பூத்தாலோ மாட்டுக்குக் கூட வேண்டாம், பாலில் அந்த நஞ்சு இறங்கும்.

ஓடும்போதே கையை விட்டு மணி எடுத்துப் பார்க்கலாமா?

கூடாது. கதிரடிக்கும் மிஷினில் கை போனவர்கள் எத்தனையோ பேர் இருந்ததால்தான் 1983இல் ஆபத்தான இயந்திரங்கள் சட்டம் என்றே ஒன்று வந்தது. கருது போடும் தொட்டி, கை ட்ரம்மை எட்டாத நீளத்துக்கு இருக்க வேண்டும். பழைய மிஷின்களில் அதை வெட்டிக் குட்டையாக்கி வைத்திருப்பார்கள், போடுவதற்குச் சுலபம் என்று. வாங்கின அன்றே பழையபடி நீளமாக்கிவிடுங்கள். பிடிஓ ஷாஃப்டுக்கு மூடி போடுங்கள். சேலைத் தலைப்பு, துண்டு, தொங்கும் கைலி இவற்றோடு யாரும் பக்கத்தில் நிற்க வேண்டாம்.

எப்போது இந்த மிஷினைத் தலை முழுகுவது?

ட்ரம் ஷாஃப்ட் வளைந்திருந்தால், ட்ரம் தகட்டில் வெடிப்பு ஓடியிருந்தால், யோசிக்காதீர்கள். வெடித்த ட்ரம்மை வெல்டிங் வைத்து ஓட்டித் தரச்சொல்லி வருகிறவர்களை நான் திருப்பி அனுப்பிவிடுவேன். 600 சுற்றில் ஒரு தகடு பிய்த்துக்கொண்டு வந்தால் எதிரில் நிற்பது ஆளாகவும் இருக்கலாம். மற்றபடி பல், பட்டை, கான்கேவ், பேரிங், புல்லி, ஸ்க்ரூ எல்லாம் மாற்றக்கூடியவைதான். இரண்டு மூன்று ஏக்கர்தான் என்றால் சொந்த மிஷினே வேண்டாம், வேளாண்மைப் பொறியியல் துறையில் வாடகைக்கு என்ன கிடைக்கிறது என்று முதலில் கேட்டுப் பாருங்கள். அங்கிருந்து வருகிற மிஷினுக்கும் நூறு மணி எண்ணத்தான் வேண்டும்.